முப்பிடாதி கண்ட பொருட்காட்சி

செவல்குளம் கலைக் கல்லூரி மைதானத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் பொருட்காட்சி வந்து நின்றதைப் பற்றி டவுன் பஸ் கண்டக்டர் ஒரு கதை சொல்வார், கேன்டீன்காரர் ஒரு கதை சொல்வார், இரண்டையும் காது குளிரக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். அது லாரியிலும் வரவில்லை, ரயிலிலும் வரவில்லை, முதலாமாண்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது.

அந்த வருசம்தான் முதலாமாண்டுக்கு 'எழுத்துப் பயிற்சி' என்று புதிதாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். அதை நடத்த வந்தவர் செலின் மேடம், தூத்துக்குடிக்காரர், கௌரவ விரிவுரையாளர் என்று பேர் மட்டும் கௌரவமாக இருக்கிற வேலை, ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வகுப்புக்குள் நுழையும்போதே சாக்பீஸைக் கையில் எடுத்துவிடுகிற ஆள். முதல் நாளே தனக்கு என்ன வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்: வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஆளுக்கு இரண்டு பக்கம், கண்ணால் பார்த்ததை மட்டும், அதை வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் வருகிற மாதிரி மறுபடியும் எழுத வேண்டும், மறுபடி எழுதியதற்குத்தான் மார்க்கு. "மொதல் தடவ யாருக்கும் நல்லா வராது. எனக்கும் வராது" என்றார். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எழுதிய தாள் மழையில் நனைந்து போனால் மறுபடி எழுதலாம், சும்மா இருக்கிற தாளை எதற்கு மறுபடி எழுதுவது என்று கார்மேகம் பின் பெஞ்சில் முணுமுணுத்தான்.

'நான் பார்த்த ஒன்று' என்று தலைப்புக் கொடுத்தார் மேடம். அவ்வளவுதான், வகுப்பு முழுக்க பேனாக்கள் தானாக ஓட ஆரம்பித்துவிட்டன. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஏழாம் வகுப்பைத் தாண்டிய எந்தப் பிள்ளைக்கும் 'நான் கண்ட பொருட்காட்சி' என்ற கட்டுரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், முன்னுரை முதல் முடிவுரை வரை, கமா மாறாமல் வரும், அரையாண்டுத் தேர்வில் கட்டாயம் வரும் என்று வாத்தியார்கள் உருப்போட வைத்த கட்டுரை, அவர்களின் அண்ணன்மார் உருப்போட்டது, அக்காமார் உருப்போட்டது. 'நான் பார்த்த' என்று காதில் விழுந்ததும் கைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான் என் தந்தையுடன் எங்கள் ஊரில் நடைபெற்ற பொருட்காட்சிக்குச் சென்றேன் என்று வகுப்பே எழுதியது. மூன்றாவது பெஞ்சில் இருந்த முப்பிடாதியும் எழுதினாள். அவள் அய்யா லோடு லாரி கவிழ்ந்து செத்து மூன்று வருசம் ஆகியிருந்தது, ஆனாலும் அந்த வரி வந்த இடத்தில் அவள் பேனா நிற்கவில்லை, அது அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

செலின் மேடம் தாள்களைப் புரட்டினார். ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார், நடுவிலிருந்து ஒன்றை உருவிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்தப் பொருட்காட்சிய நீங்க எல்லாரும் நெசமாவே பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தோம் மேடம்" என்றது வகுப்பு, புரியுதா என்று கேட்டால் புரியுது மேடம் என்று சொல்கிற அதே ராகத்தில்.

"இத்தன பேரு பார்த்திருந்தா அது இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி மேடம் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் அது இருந்தது.

கேட் பூட்டித்தான் கிடந்தது, பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் சாமி மேல் சத்தியம் பண்ணினார். உள்ளே, நேற்று வரை சீமைக்கருவேல முள்ளும் கிரிக்கெட் ஸ்டம்புக் குழியும் இருந்த இடத்தில், நுழைவாயில் அழகிய தோரணங்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது, எங்கு நோக்கினும் மின்விளக்குகள் பட்டப்பகலிலும் எரிந்தன, ராட்டினம் வானத்தைத் தொட்டது, தொட்டது என்றால் கட்டுரையில் எழுதியிருந்தபடியே தொட்டது, மேலே போய் இறங்கியவர்களின் தலைமுடி ஈரமாக இருந்தது. யார் அனுமதி கொடுத்தது என்று குதித்தார் பிரின்சிபால். ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. வந்தார், லத்தியைத் தட்டிக்கொண்டு நேரே மரணக் கிணற்றுப் பக்கம் போனார், காண்போர் வியந்தனர் என்று எழுதியிருந்ததால் அவரும் வியந்தார், வாயைப் பிளந்தபடி வியந்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் அவர் வீட்டு அம்மாவும் பிள்ளைகளும் வந்தார்கள்.

ஊர் என்ன ஊர், எதைக் கொடுத்தாலும் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அதன் மேல் துணி காயப்போட்டுவிடும். கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு முளைத்தது, டீக்கடை முளைத்தது, பூக்காரி வந்து சாக்கை விரித்தாள். அதோடு குறை சொல்லவும் ஆரம்பித்தார்கள். டெல்லி அப்பளம் மிகவும் சுவையாக இருந்தது, அதில் யாருக்கும் தகராறு இல்லை, ஆனால் என்ன சுவை என்று நாக்கைத் துழாவிப் பார்த்தால் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை, சும்மா சுவையாக மட்டும் இருந்தது. வளையல் கடையில் பல வண்ண வளையல்கள் இருந்தன, ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அது பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை, பல வண்ணம். வனத்துறை அரங்கில் புலி ஒன்று உயிருள்ளது போலவே காட்சியளித்தது, பாவம், அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பொம்பளைகள் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுபோய் அப்பளத்துக்குத் தொட்டுக்கொண்டார்கள், பல வண்ண வளையலுக்கு எந்தச் சேலையும் பொருந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள், புலிக்கு ஒரு கிழவர் தினமும் வந்து பேச்சுத்துணையாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனதும்தான் பெரிய கூத்து. வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் எல்லாரும், யாரும் கூப்பிடாமலேயே, கால் இழுத்த இழுப்புக்கு கேட்டில் வந்து நின்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த ஒருத்தர் எதற்கு பஸ் ஏறினோம் என்றே தெரியாமல் வந்து இறங்கினார், ஒருத்தர் பாதிச் சவரத்தோடு வந்தார், கார்மேகத்தின் அப்பா கிடைக்குள் ஆடுகளை அடைத்த கையோடு தொரட்டிக் கம்பைப் பிடித்தபடி வந்து நின்று, "என்னலே, எதுக்கு என்னைய வரச்சொன்ன?" என்று மகனை அதட்டினார். பெற்ற பிள்ளையோடு தெருமுனை வரைக்கும்கூட நடந்திராத மனிதர்கள் ராட்டினத்தில் ஏறிக் கத்தினார்கள்.

முப்பிடாதிக்கும் ஒருவர் வந்திருந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, புன்முறுவலோடு நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பார்வையை எடுத்ததும் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. அவள் கிட்டே போனதும் அன்புடன் கையைப் பிடித்தார், ஒவ்வோர் அரங்காகக் கூட்டிக்கொண்டு போய், "பார்த்தாயா மகளே, எத்தனை எத்தனை காட்சிகள்!" என்றார். கட்டுரையில் அவருக்கு அந்த ஒரு பேச்சுதான். அது போதும் என்று இருந்தது முப்பிடாதிக்கு. சொன்னால் சிரிப்பீர்கள், அவள் அன்றைக்கு அவரோடு கைகோத்து அந்த மைதானத்தை விளக்கு அணைகிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வந்தாள், எதிரே வந்த பிள்ளைகளிடம் எல்லாம், "எங்கய்யா" என்றாள்.

அம்மா சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிற வேலை பார்ப்பவள், மருந்து வாசனை விரலை விட்டுப் போகாது. மகள் வந்து சொன்னதும் பதறியடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு ஓடி வந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "யாரோ நல்ல மனுசன். உங்கய்யா இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"ஒனக்கு மறந்துபோச்சும்மா" என்றாள் முப்பிடாதி கோபத்தோடு.

"எனக்கா மறந்துபோச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள் சண்முகத்தாய். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

இதற்கிடையில் செலின் மேடம் தன் பாட்டுக்கு வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். பொருட்காட்சியே வந்திருக்கிறதே, இனி மறுபடி எழுத வேண்டாம்தானே மேடம் என்று கேட்டவர்களிடம், "வந்ததுக்கும் எழுதுறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? கேள்வி கேளுங்க, பதில் எழுதுங்க" என்றார். ஆக ஒவ்வொருத்தராக எழுந்து வாசித்தார்கள், ஒவ்வொருத்தரிடமும் மற்றவர்கள் கேட்டார்கள், அப்பளம் எந்தக் கடையில, விலை என்ன, உடைஞ்சதா முழுசா, யாரு கூட வந்தது. கேட்கக் கேட்க வாசித்தவர்களுக்கு வேர்த்தது, எழுதுறப்ப நான் பொருட்காட்சியே பார்த்ததில்லை மேடம் என்று ஒருத்தி அழுதாள், சரி பார்த்த வேற எதையாவது எழுது என்றார் மேடம், அவள் தன் தெருக் குழாயடிச் சண்டையை எழுதினாள். அதை வாசித்தபோது வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்று சாயங்காலம் பொருட்காட்சியில் வளையல் கடையைக் காணோம்.

கார்மேகம் தன் ஆடு குட்டி போட்டதை எழுதினான், புலி போயிற்று. லூர்துமணி பஸ்ஸுக்குள் மயில் வந்ததை எழுதினான், மரணக் கிணறு மூடிக்கொண்டது. பார்த்தேன் என்ற பொய்யை ஒவ்வொருத்தராகத் திரும்ப வாங்க வாங்க, பந்தலில் ஒரு கால் கழன்றது. அப்பாமாரை இழுத்துவந்த இழுப்பும் விட்டுப்போயிற்று. ஆனால் கார்மேகத்தின் அப்பா மட்டும் அடுத்த ஞாயிறும் தொரட்டிக் கம்போடு வந்து, புலி இருந்த வெற்றிடத்தில் மகனோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வாரேம்லே" என்று சொல்லிப் போனார்.

ஊருக்கு இது பொறுக்குமா? டீக்கடைக்காரரும் பூக்காரியும் சைக்கிள் ஸ்டாண்டு வேலுச்சாமியும் சேர்ந்து வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்கள். "மேடம், நீங்க படிச்சவங்க. பிள்ளைகள உண்மையே எழுத வேண்டாம்னு சொல்லல, பாதி உண்மை எழுதச் சொல்லுங்க, ராட்டினமாவது நிக்கட்டும்" என்றார் வேலுச்சாமி. மேடம் அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் பார்த்ததில் ஒன்றைச் சொல்லச் சொன்னார். பூக்காரி தன் கல்யாணத்தன்று பேய்மழை பெய்து பந்தல் சரிந்ததைச் சொன்னாள், சொல்லி முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்த காரியத்தை மறந்து போய்விட்டாள்.

கடைசியில் முப்பிடாதியின் தாள் ஒன்றுதான் மாறாமல் இருந்தது. மைதானத்தில் நுழைவாயிலும், ராட்டினமும், அவரும் இருந்தார்கள். தெருவில் போனால் ஆளுக்கு ஆள், "நீ மட்டும் மாத்திராத தாயி" என்றார்கள். அவளா மாற்றுவாள்? ஊருக்காக இல்லை, சைக்கிள் ஸ்டாண்டுக்காக இல்லை, மாற்றினால் அவர் போய்விடுவார். ஒரு தடவை அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பார்த்தாள். இன்னொரு தடவை, அதுவும் தன் கையாலேயே, அனுப்பிவைக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

அவள் முறை வந்தபோது எழுந்து அதே கட்டுரையை அப்படியே வாசித்தாள். யாருக்கும் கேள்வி கேட்க மனசு வரவில்லை. மேடமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கு ஒழுங்குதான் என்று நினைத்தானோ, வாய்தான் கேட்கவில்லையோ, கார்மேகம் எழுந்து, "உங்கய்யா எந்தக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் கிள்ளினான்.

முப்பிடாதி வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். தெரியவில்லை. அத்தனை ஞாயிறு பிடித்த கை, எது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிறு அவள் அவரோடு ராட்டினத்தில் உட்கார்ந்து, அய்யா எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணை மூடினாள். இந்தப் புன்முறுவல்தான் வந்தது. அய்யா எப்படி நடப்பார் என்று நினைத்தாள். இந்த வெள்ளை வேட்டிதான் வந்தது. நாலைந்து வாரத்தில் இந்த நல்ல மனுசன், பாவம், வேண்டுமென்று இல்லை, அய்யா இருந்த இடத்தில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார். முப்பிடாதி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எறக்கி விடுங்க, எறக்கி விடுங்க" என்று ராட்டினக்காரனைப் பார்த்துக் கத்தினாள்.

"பார்த்தாயா மகளே, எத்தனை எத்தனை காட்சிகள்!" என்றார் அவர்.

"பார்க்கலைங்க" என்று சொல்லி அவர் கையை விட்டுவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த இரண்டு பக்கத்தில் பொருட்காட்சி இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கையில் கோவில்பட்டிப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகிறேன், நாலு மணிக்கு ரெடியாக இரு என்று அய்யா சொன்னது இருந்தது. பவுடர் போட்டு, ரெட்டைச் சடை போட்டு, வாசப்படியில் உட்கார்ந்தது இருந்தது. பவுடர் வேர்வையில் கரைந்து, எதிர்வீட்டு லைட்டுப் போட்ட பிறகு அய்யா முட்டிக்காலில் தோல் பேர்ந்து, உடம்பெல்லாம் செம்மண்ணாக, கபடியில் இரண்டாம் பரிசு வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தது இருந்தது. "பஸ்ஸு கெடைக்கல தாயி" என்று அவர் சொன்ன பொய் இருந்தது. அம்மா ஏசியது இரண்டு வரி. குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "இந்தா பாரு ராட்டினம்" என்று அய்யா ஒற்றைக் காலில் சுற்றியது நாலு வரி. நான் சிரிக்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன் என்று முடித்திருந்தாள். அவள் வாசித்து முடித்ததும் செலின் மேடம் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலமே மைதானம் மைதானமாகிவிட்டது. வேலுச்சாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போகும்போது முப்பிடாதியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், "நல்லா இரு தாயி" என்று மட்டும் சொன்னார்.

மற்றவர்கள் எழுதிய ஆடும் குழாயடியும் ஊரில் ஏற்கெனவே இருந்தவை, அதனால் எழுதிய பிறகு அவை இன்னொரு தடவை வந்தனவா என்று யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சண்முகத்தாய் கால் நீட்டி உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பிடாதிக்குப் போக இடமில்லை, வாசப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு லைட்டு எரிந்தது. தெருமுனையில் ஒரு ஆள் நொண்டிக்கொண்டு வந்தார், தோளில் பச்சைக் குடம்.

"பஸ்ஸு கெடைக்கல தாயி" என்றார்.

சண்முகத்தாய் சுளகைக் கீழே வைத்தாள். எழுந்தாள். "நாலு மணின்னு சொல்லிட்டுப் போன மனுசன் வார நேரமா இது? பச்சப்பிள்ள பவுடரு போட்டுக்கிட்டு எம்புட்டு நேரம் ஒக்காந்திருக்கு, ஒமக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?" என்று ஆரம்பித்தாள். எழுதியிருந்தது இரண்டு வரிதான். அவள் நிறுத்தவில்லை, கபடியை ஏசினாள், லாரியை ஏசினாள், அந்த டிரைவரை ஏசினாள், மழைக்காலத்தில் கூரை ஒழுகியதைச் சொல்லி ஏசினாள், ராத்திரியில் முழித்து முழித்துக் கதவைப் பார்த்ததைச் சொல்லி ஏசினாள், ஏச ஏசக் குரல் உடைந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அய்யா தப்புப் பண்ணிய பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. புருவத்தில் மண். சிரிக்கும்போது ஒரு பக்கம்தான் வாய் போயிற்று, இடது பக்கம்.

குடத்தைத் தலையில் கவிழ்த்தார். "இந்தா பாரு ராட்டினம்" என்று ஒற்றைக் காலில் சுற்றினார். சுற்றி நின்று, குடத்துக்குள்ளிருந்து, "ஏட்டி, கோவமா?" என்று கேட்டார்.

தாளின்படி அவள் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. சிரித்தாள், சத்தமாக, அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வந்த மாதிரி சிரித்தாள், அய்யா குடத்தைத் தூக்கி அவள் சிரிப்பதைப் பார்த்தார். அதோடு இரண்டு பக்கம் முடிந்தது. வாசலில் எதிர்வீட்டு வெளிச்சம் மட்டும் கிடந்தது.

சண்முகத்தாய் மூக்கைத் துடைத்துவிட்டு, சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க மேடம் இதையும் திருத்தி எழுதத்தான சொல்லுவாக?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அன்னைக்கு அவரு சோறு தின்னாருட்டி. நீ செவுத்தப் பாத்துப் படுத்தமேனிக்கே ஒறங்கிட்ட, ஒனக்குத் தெரியாது. நான் பாத்தேன். கருவாட்டுக் கொழம்பு. ரெண்டாந்தடவ வாங்கித் தின்னாரு, தின்னுட்டு, ஒம் பக்கத்துல வந்து ஒக்காந்து ரொம்ப நேரம் விசிறிவிட்டாரு." அரிசியைப் புடைக்கிற மாதிரி சுளகை அசைத்தாள். "பேனாவ எடு. நான் சொல்லுதேன்."